கிரேக்க மன்னர் வெள்ளிக்காசு: முகம், பெயர், எடை மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் முறை

கிரேக்க மன்னர் முகம் போட்ட வெள்ளிக்காசு ஒன்றை சவுக்கார்பேட்டையிலோ பர்மா பஜார் நடைபாதையிலோ யாராவது நீட்டினால், எல்லோர் கண்ணும் முதலில் போவது அந்த முகத்துக்குத்தான். போலி செய்பவருக்கும் இது தெரியும். அதனால் முகத்துக்கு மெனக்கெடுவார், எடையில் கோட்டை விடுவார். எடை சரியாக இருந்தால் எழுத்தில் சறுக்குவார்.

இந்தக் காசுகளில் மன்னரின் முகம், அவர் பெயர், காசின் எடை மூன்றும் சேர்ந்தே வரும். அலெக்சாந்தர் பெயரில் வந்த பெரிய காசு 17 கிராம் சொச்சம். எகிப்தை ஆண்ட தாலமியின் பெரிய காசு 14 கிராம் சொச்சம். பஞ்சாப் பக்கம் ஆண்ட மெனாந்தரின் சின்னக் காசு 2.45 கிராமுக்குள். தாலமி முகம் இருந்து 17 கிராம் காட்டினால், வேலைப்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும். (தாலமியின் தொடக்க காலக் காசுகள் 17 கிராம் கணக்கில் வந்தவைதான், ஆனால் அவற்றில் இருப்பது யானைத்தோல் போர்த்திய அலெக்சாந்தர் தலை, தாலமியின் முகம் அல்ல.)

தேவையான பொருட்கள்

0.01 கிராம் வரை காட்டும் எலெக்ட்ரானிக் தராசு. வெள்ளிக்கடைகளில் இருக்கும் மில்லி கிராம் தராசு கிடைத்தால் இன்னும் நல்லது, சின்னக் காசுகளுக்கு அதுதான் சரிப்படும். 10 மடங்கு பெருக்கும் லென்ஸ். வெர்னியர் காலிப்பர். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடிக்க ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு. ஒரு கண்ணாடி டம்ளர், மெல்லிய நைலான் இழை. டிஸ்டில்டு வாட்டரும் அசிட்டோனும் பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெரு கெமிக்கல் கடைகளில் வாங்கலாம்.

தராசை நம்புவதற்கு முன் சோதியுங்கள். 2011 வரிசையில் அதிகம் தேயாத பத்து ரூபாய் இருவண்ணக் காசு 7.71 கிராம், ஐந்து ரூபாய்க் காசு 6 கிராம். இரண்டு மூன்று காசுகளை வைத்துப் பார்த்தாலே தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

முதலில் ராணி ரூபாயில் பழகுங்கள்

கிரேக்கக் காசில் நேரடியாகக் கை வைக்க வேண்டாம். விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இதுவும் அரசர் முகம் போட்ட வெள்ளிதான். எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம், மீதி செம்பு. 1940 முதல் வந்த ரூபாய் வேண்டாம். வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், கணக்கு உதைக்கும்.

நீரில் எடை பார்க்கும் முறை இது. மின்விசிறியை நிறுத்துங்கள், சீலிங் ஃபேன் காற்றுக்கே தராசின் கடைசி இலக்கம் ஆடும். டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே தனியாக எடை போட்ட காசை நைலான் இழையில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி தண்ணீரில் தொங்கவிடுங்கள். அடியிலும் படக்கூடாது, பக்கத்திலும் படக்கூடாது. இப்போது தராசு காட்டும் எண், காசு விலக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால், தண்ணீரைவிட உலோகம் எத்தனை மடங்கு கனம் என்று காட்டும் ஒப்படர்த்தி வரும்.

ரூபாய்க் காசுக்குத் தராசு 1.13 சுற்றிக் காட்டவேண்டும். 11.66-ஐ 1.13-ஆல் வகுத்தால் 10.3. சுத்த வெள்ளி 10.49, செம்பு 8.96, வெள்ளியே கலக்காமல் வெள்ளி போல மின்னும் ஜெர்மன் சில்வர் 8.6 சுற்றி, ஈயம் 11.34.

எண் தவறி வருவதற்குக் காரணங்கள் சில. காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் ஒப்படர்த்தி குறைவாக வரும்; நனைத்துவிட்டு, மூழ்கிய பிறகு இழையை மெல்ல ஆட்டி உதறுங்கள். காசு அடியைத் தொட்டால் தராசு திடீரென்று பல கிராம் ஏறும், அதைக் கண்டுபிடிப்பது சுலபம். தடித்த நூல் தண்ணீரை உறிஞ்சி, எண்ணை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டே இருக்கும். சென்னை வெயிலில் 30 டிகிரி தண்ணீரின் அடர்த்தி 0.4 சதவீதம் குறைவு. அதனால் விடை 0.04 அளவுக்குத்தான் மாறும், விட்டுவிடலாம்.

ஐந்து முறை செய்து ஐந்து முறையும் 10.2-க்கும் 10.4-க்கும் இடையில் வந்தால் கை பழகிவிட்டது என்று அர்த்தம்.

அலெக்சாந்தர் காசு: அருகில் வைத்துப் பார்ப்பது

அலெக்சாந்தர் ஆண்டது கி.மு. 336 முதல் 323 வரை. ஆனால் அவர் பெயரில் காசு அடிப்பது அவர் இறந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலும் நடந்தது. பெரிய காசின் பெயர் டெட்ராத்ராக்ம், அதாவது நான்கு திராக்மா. ஏதென்ஸ் எடைக் கணக்குப்படி ஒரு திராக்மா 4.3 கிராம், நான்கு சேர்ந்து 17.2 கிராம்.

முகப்பில் வலப்பக்கம் பார்க்கும் தலை அலெக்சாந்தருடையது என்றுதான் விற்பவர் சொல்வார். அது ஹெராக்லீஸ். சிங்கத்தைக் கொன்று அதன் தோலைத் தலையில் போர்த்திய வீரன். முகச்சாயல் அலெக்சாந்தருடையதா என்ற வாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் காசின்படி இவன் தேவகுமாரன், அரசன் அல்ல. விற்பவருக்கு இது தெரியாவிட்டால் காசு போலி என்று ஆகிவிடாது. விலை சொல்லும் நியாயம் மட்டும் கொஞ்சம் அடிபடும்.

லென்ஸை வைத்து நெற்றியிலிருந்து தொடங்குங்கள். நெற்றிக்கு மேலே சிங்கத்தின் மேல்தாடை, அதன் பல் தெரியவேண்டும். கன்னத்தை ஒட்டி வாயின் ஓரம். கழுத்தின் கீழே சிங்கத்தின் இரண்டு முன்கால்களும் முடிச்சுப் போட்டிருக்கும். பிடரிமயிர் ஒவ்வொரு கற்றையும் தனித்தனியாக, நுனி கூர்மையாக இருக்கவேண்டும். தேய்ந்த காசானால் கன்னம், காதுக்கு மேலுள்ள மயிர், சிங்கத்தின் காது போன்ற மேடுகள் முதலில் தேயும். பள்ளத்தில் இருக்கும் மயிர்க்கற்றை கூர்மை குறையாமல் இருக்கும். மேடும் பள்ளமும் ஒரே மாதிரி மழுங்கி, சோப்புக்கட்டி போல வழவழவென்று இருந்தால் அது தேய்மானம் அல்ல, வார்ப்பு.

பின்புறம் இடப்பக்கம் பார்த்து அரியணையில் அமர்ந்த சீயஸ், கிரேக்கக் கடவுளரின் தலைவர். நீட்டிய வலக்கையில் கழுகு, இடக்கையில் செங்கோல். அலெக்சாந்தர் உயிரோடிருந்த காலக் காசுகளில் பெரும்பாலும் சீயஸின் கால்கள் இரண்டும் ஒட்டி இணையாக இருக்கும். பிந்தியவற்றில் ஒரு காலைப் பின்னிழுத்திருக்கும். இது முழுமையான விதி அல்ல, காசு அடிக்கும் அக்கசாலைக்கு அக்கசாலை மாறும்.

அடுத்து எழுத்து. சீயஸின் பின்னால் மேலிருந்து கீழாக பத்து எழுத்து: ஆல்ஃபா, லாம்டா, எப்சிலான், க்சை, ஆல்ஃபா, நியூ, டெல்டா, ரோ, ஓமிக்ரான், உப்சிலான். கிரேக்கம் படிக்கத் தெரியவேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். இதில் மூன்று எழுத்துகள் முக்கோண வடிவம். ஆல்ஃபாவுக்கு நடுவில் குறுக்குக்கோடு, அடி திறந்திருக்கும். லாம்டாவுக்குக் குறுக்குக்கோடு இல்லை. டெல்டா அடிக்கோட்டோடு மூடிய முக்கோணம். கிரேக்கம் தெரியாமல் பார்த்துச் செதுக்குபவர்கள் இந்த மூன்றையும்தான் குழப்புவார்கள். ஆனால் அசலிலும் சில அச்சுகளில் ஆல்ஃபாவின் குறுக்குக்கோடு மங்கியோ உடைந்தோ இருக்கும். டெல்டாவின் அடிக்கோடு இல்லாமல் போவதைத்தான் அதிகம் சந்தேகிக்கவேண்டும். சிலவற்றில் அரசனுடைய என்று பொருள்படும் பசிலேயோஸ் என்ற எட்டு கிரேக்க எழுத்தும் கூடுதலாக இருக்கும்.

எடை 16.8 முதல் 17.3 கிராம் என்றால் இயல்பு. நன்றாகத் தேய்ந்ததோ, கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அடித்ததோ ஆனால் 16.5 சுற்றியும் வரும். 17.4-க்கு மேல் ஏறினால், குறைந்ததைவிட அதிகமாகச் சந்தேகப்படுங்கள். வெள்ளியைக் கூடக் கொடுக்கிற அக்கசாலை உலகத்தில் எங்கும் இல்லை. விட்டத்தையும் பாருங்கள். முற்காலத்துக் காசு 24 முதல் 27 மில்லிமீட்டர், தடிப்பு அதிகம். பிற்காலத்தவை 30 மில்லிமீட்டரையும் தாண்டி அகலமாக, மெல்லிசாக இருக்கும். முற்கால முகம், பிற்கால அகலம் என்று கலந்திருந்தால் நிதானியுங்கள்.

மற்ற மன்னர்களின் அடையாளம்

தலையைச் சுற்றிக் கட்டி, பின்னால் இரண்டு முனை தொங்கும் துணிநாடாதான் கிரேக்க உலகில் அரசனின் முடி. டயடெம் என்பார்கள். ஒரு தலையில் இது இருந்தால் அரசன் அல்லது தெய்வமாக்கப்பட்ட அரசன். நாடாவின் இரண்டு முனையும் கழுத்துப் பக்கம் தனித்தனியாகப் பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். வார்ப்புப் போலிகளில் இவை மயிரோடு ஒட்டிக்கொண்டு ஒரே திட்டாக நிற்கும்.

அலெக்சாந்தரின் தளபதியாக இருந்து பிறகு மன்னரான லிசிமாக்கஸின் காசில், டயடெம் கட்டிய தலையில் காதைச் சுற்றி ஆட்டுக்கடா கொம்பு வளைந்திருக்கும். அது அம்மோன் தெய்வத்தின் கொம்பு, தலை அலெக்சாந்தருடையது. பின்புறம் அமர்ந்த அதீனா எனும் பெண்தெய்வம், கையில் வெற்றித் தேவதை. பெயர் மட்டும் லிசிமாக்கஸ். செத்த மன்னன் முகத்தை வைத்து உயிரோடு இருப்பவன் ஆட்சி நடத்திய கதை இது. எடை 17 சுற்றி.

தாலமி தன் முகத்தையே போட்டார். தடித்த புருவம், முன்னால் வளைந்த மோவாய், கழுத்தில் ஏஜிஸ் எனும் ஆட்டுத்தோல் கவசம். பின்புறம் இடியாயுதத்தின் மேல் நிற்கும் கழுகு. எடை 14.2 சுற்றி. எகிப்துக்குள் வெளிநாட்டு வெள்ளியைப் புழங்கவிடாமல் தனி எடை வைத்தார்கள். கடைசியில் கிளியோபாட்ரா காலத்துக்கு வரும்போது செம்பு ஏகத்துக்கும் ஏறிவிட்டது. அந்தக் காலக் காசின் ஒப்படர்த்தி குறைவாக வந்தால் அதை வைத்து மட்டும் போலி என்று ஒதுக்காதீர்கள்.

காளைக்கொம்பு என்றால் மாசிடோனியாவின் தெமெத்ரியஸ். பாக்ட்ரியா (இன்றைய வட ஆப்கானிஸ்தான்) பக்கம் யானைத்தோல் தலைப்பாகை என்றால் முதலாம் தெமெத்ரியஸ். தட்டையான வட்டத்தொப்பி என்றால் அந்திமாக்கஸ். காளைக்கொம்பும் காதும் வைத்த தலைக்கவசம் என்றால் யூக்ராதிதீஸ், பின்புறம் இரண்டு குதிரைவீரர்கள். இவர்களின் பெரிய காசுகள் ஏதென்ஸ் கணக்கில்தான், 16.5 முதல் 17 கிராம்.

இந்தியாவில் கைமாறுவது அதிகமும் மெனாந்தர், அப்பொலோடோட்டஸ் போன்றவர்களின் சின்னத் திராக்மா. இங்கே எடை இந்தியக் கணக்கு: திராக்மா 2.3 முதல் 2.45, பெரியது 9.6 முதல் 9.8. மெனாந்தர் காசின் முகப்பில் மன்னரைச் சுற்றி கிரேக்கம், பின்புறம் இடியை வீசும் அதீனாவைச் சுற்றி கரோஷ்டி. கரோஷ்டி வடமேற்கு இந்தியாவின் பழைய எழுத்து, வலமிருந்து இடமாகப் போகும். இரண்டு பக்கமும் கிரேக்கமாக இருந்தாலோ, பின்புறம் வெறும் கிறுக்கலாக இருந்தாலோ கீழே வைத்துவிடலாம். அப்பொலோடோட்டஸின் சதுரத் திராக்மாவில் முகமே கிடையாது. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் திமில் காளை.

பலராமனும் கிருஷ்ணனும் இருக்கிற, பாக்ட்ரியாவின் கிரேக்க மன்னர் அகதோக்ளீஸின் காசு பற்றி நம் ஆட்கள் நிறையக் கேட்கிறார்கள். அது உண்மையான காசுதான். ஆப்கானிஸ்தானின் ஐ கானூம் அகழ்வாய்வில் 1970-இல் கிடைத்தது. செவ்வக வடிவம், ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் பிராமி. உலகிலேயே அரிது. அதனால் நடைபாதையில் ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதும், கிடைத்தால் நம்புவதும் வேண்டாம்.

ஓரமும் பரப்பும்

இவை கையால் அச்சடித்த காசுகள். கீழ் அச்சு பட்டறையில் பதித்திருக்கும், மேல் அச்சைச் சம்மட்டியால் அடிப்பார்கள். அடிக்கும்போது வெள்ளி வெளிப்பக்கம் ஓடும். அதனால் ஓரத்தில் விரிசல் வரலாம், படம் நடுவிலிருந்து நகர்ந்திருக்கலாம், எழுத்தோரத்தில் வெள்ளி ஓடிய கோடுகள் தெரியலாம். இதெல்லாம் குறை அல்ல.

பயப்படவேண்டியவை வேறு. ஓரத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கோடோ, அதை அரத்தால் ராவி மறைத்த தடமோ இருந்தால் இரண்டு பாதி அச்சில் வார்த்தது. பள்ளமான இடங்களில் ஊசிமுனைக் குழிகள் வட்டமாக நிறைந்திருந்தால் வார்ப்புக் காற்று. மேல் தோல் உரிந்து உள்ளே சிவப்போ பச்சையோ தெரிந்தால் செம்புக் காசுக்கு வெள்ளித்தகடு போர்த்தியது. இந்தப் போர்வை வேலை அந்தக் காலத்திலேயே நடந்தது, ஏதென்ஸில் கி.மு. 375-இல் இதற்காகவே ஒரு சட்டம் போட்டு, சந்தையில் உட்கார்ந்து காசு சோதிக்க அரசாங்க அடிமை ஒருவரை வைத்தார்கள். உள்ளே செம்போ ஈயமோ என்றால் அவர் உடனே காசைக் குறுக்கே வெட்டிவிடவேண்டும். வேலையில் தவறினால் அவருக்கு 50 கசையடி. ஆகவே பழைய காசில் ஆழமான உளிவெட்டு இருந்தால் அது சோதித்த தடயமாகவும் இருக்கலாம்.

உங்கள் காசைப் படமெடுத்து, அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் ‘பெல்லா’ இணையத் தொகுப்பிலும் ஏல நிறுவனங்களின் பழைய படங்களிலும் ஒப்பிடுங்கள். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளில் முகம் ஒன்றாக இருக்கலாம். ஓரத்தின் வளைவு, விரிசல், கீறல் ஒன்றாக இருக்கமுடியாது. அவையும் அப்படியே பொருந்தினால் இரண்டில் ஒன்றாவது நகல், பெரும்பாலும் இரண்டுமே.

நீர்ச்சோதனையும் மெஷினும்

17.14 கிராம் காசு தண்ணீரில் 1.65 காட்டினால் 10.39, நல்ல வெள்ளி. 1.99 காட்டினால் 8.6, ஜெர்மன் சில்வர் வகை. 2.4 கிராம் திராக்மாவுக்கு இந்தச் சோதனையை 0.01 தராசில் செய்து பயனில்லை. அது விலக்கும் தண்ணீர் 0.23 கிராம்தான், கடைசி இலக்கம் ஒன்று பிசகினால் 10.4 என்பது 10 ஆகிவிடும். மில்லி கிராம் தராசு இருந்தால் மட்டும் செய்யுங்கள். அரித்துப் புழுப்புழுவென்று துளை விழுந்த பழங்காசிலும் எண் குறைந்துதான் வரும். செம்பையும் ஈயத்தையும் கலந்து வெள்ளியின் அடர்த்தியைக் கொண்டுவரவும் முடியும் என்பதால், எண் சரியாக வந்ததாலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

என்.எஸ்.சி. போஸ் சாலை, சவுக்கார்பேட்டைப் பக்கம் டச் பார்க்கிற கடைகளில் எக்ஸ்ரே மெஷின் இருக்கிறது. காசைக் கொடுக்கும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள்: உரைக்கக்கூடாது, ராவக்கூடாது, ஆசிட் வைக்கக்கூடாது, மெஷின் மட்டும். வெள்ளிக்கான மோடில் வைத்து, சதவீதம் மட்டுமில்லாமல் எல்லா உலோகமும் தெரிகிற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் காலத்து வெள்ளி ஈயத்தோடு உருக்கிப் பிரித்தது. நல்ல காசில் 95 சதவீதத்துக்கு மேல் வெள்ளியும், கூடவே துளி தங்கமும் ஈயமும் இருக்கும். 99.9 வந்து தங்கமும் ஈயமும் அறவே இல்லை என்றால் இன்றைய கட்டி வெள்ளி. 92.5 வெள்ளி, 7.5 செம்பு என்று கச்சிதமாக வந்தால் நகைக்கடை வெள்ளி. துத்தநாகமோ காட்மியமோ கணிசமாகக் காட்டினால் பேச்சே வேண்டாம். மெஷின் மேல்தோலை மட்டும்தான் பார்க்கிறது. மண்ணில் கிடந்த காசின் மேல்பரப்பில் செம்பு கரைந்துபோய் வெள்ளி கூடுதலாகக் காட்டும். நீர்ச்சோதனையோடு சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

சுண்டிப் பார்க்கவோ கல்லில் போட்டுச் சத்தம் கேட்கவோ யாரையும் விடாதீர்கள். இரண்டாயிரம் ஆண்டு கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொய்ந்து, மணிமணியாகி இருக்கும். வெளியே முழுசாகத் தெரிகிற காசு கீழே விழுந்ததும் பிஸ்கட் மாதிரி இரண்டாகும் என்று சொன்னால் கடைக்காரர் நம்பமாட்டார், உடைந்த பிறகுதான் நம்புவார்.

சுத்தமும் பாதுகாப்பும்

புளி, எலுமிச்சை, திருநீறு, பற்பசை, பூந்திக்கொட்டைத் தண்ணீரும் பிரஷ்ஷும், கடையில் விற்கிற வெள்ளி பாலிஷ் எல்லாமே விலக்கு. குத்துவிளக்கு பளபளக்கலாம், இந்தக் காசு பளபளக்கக்கூடாது. கறுத்த படலம் அதற்குக் காப்பு. அதை எடுத்தால் விலையும் பாதியாகும். மண் ஒட்டியிருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். எண்ணெய்ப்பிசுக்கு இருந்தால் கண்ணாடிக் கிண்ணத்தில் அசிட்டோன் ஊற்றிச் சில நிமிடம். சன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ எரியக்கூடாது. தேய்க்காமல் மெல்லிய பருத்தித்துணியில் ஒற்றி எடுங்கள். சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி கெட்டிப்படலம் இருந்தால் அது வெள்ளி குளோரைடு. சுரண்டினால் அடியிலுள்ள முகமும் சேர்ந்து வந்துவிடும், தொடாதீர்கள்.

ராயபுரம், காசிமேடு, எண்ணூர் வரை வீட்டுக்குள் வருவது உப்புக்காற்று. அந்தக் குளோரைடும் ஈரமும் சேர்ந்துதான் வெள்ளியைத் தின்னும். நெடி அடிக்கிற பிளாஸ்டிக் ஆல்பம் பி.வி.சி.; கொஞ்ச நாளில் பச்சைப் பிசின் கட்டும். ரப்பர்பேண்டில் கந்தகம் இருப்பதால் கறுக்கும். வெள்ளிக்கடை ரோஸ் தாள் நனைந்தால் சாயம் இறங்கும். மைலார் எனும் பாலியெஸ்டர் உறையில் போட்டு, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால், அது ஈரம் பிடித்ததும் தெரியும். மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றவேண்டியிருக்கும்.

ஒவ்வொரு காசுக்கும் ஒரு சீட்டு எழுதி உடன் வையுங்கள்: எடை, விட்டம், நீரில் எடை, இரண்டு பக்கப் படத்துக்கும் நடுவிலுள்ள திசைக்கோணம், யாரிடம் எப்போது வாங்கியது, ரசீது எண். ரசீது இல்லாமல் வாங்கவே வேண்டாம். நூறு ஆண்டு தாண்டிய காசு 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பமுடியாது. வியாபாரமாக விற்பவருக்குத் தொல்லியல் துறை உரிமம் வேண்டும். அஸ்திவாரம் தோண்டும்போது காசுப்புதையல் அகப்பட்டால், அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே 1878 புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும்.